பேசுவான் பேசுவான் என்று வருஷத்தைக் கடத்தாதீர்கள்

"ஆம்பளப் புள்ளதானே, மெதுவாத்தான் பேசும்." "அவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்." "ஒத்தப் புள்ள, செல்லம் அப்படி." பேச்சு வராத பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்கு இந்த வார்த்தைகள் நன்றாகப் பழக்கம். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், மாமியார், பெரியம்மா எல்லாரும் ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலிலேயே ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. பிறகு இன்னொரு வருஷம். கடைசியில் பாலர் பள்ளி ஆசிரியை, "இந்தப் பிள்ளையை எங்களால் சமாளிக்க முடியவில்லை" என்று சொல்லும்போதுதான் குடும்பம் கிளினிக்கைத் தேடி ஓடுகிறது. அப்போது பிள்ளைக்கு ஐந்து வயது, ஆறு வயது ஆகிவிட்டிருக்கும்.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, இந்த மாதம் ஆட்டிசம் என்பதைப் பற்றி எழுதுகிறேன். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் திருப்தி இல்லை. மதி இறுகிப்போய்விட்டது என்பதுபோல ஓர் அர்த்தம் வருகிறது. அப்படி ஒன்றும் இறுகிப்போகவில்லை. ஆகவே டாக்டர்கள் சொல்லும் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

ஆட்டிசம் ஒட்டுகிற வியாதி அல்ல. பைத்தியமும் அல்ல. மூளை ஆரம்பத்திலிருந்தே வேறு விதமாக வளர்கிறது. அதனால் மற்றவரோடு பழகுவது, பேசுவது, விளையாடுவது எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி அமைகிறது. சில பிள்ளைகள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. சில பிள்ளைகள் டிவி விளம்பரத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும், ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியாது. திருவிழா மேளச் சத்தம் சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத வேதனை. புதுச் சட்டையின் கழுத்தில் குத்துகிற சின்னத் துணித்துண்டும் அப்படியே. அதைச் சொல்லத் தெரியாமல் கீழே விழுந்து புரண்டு அழும். பார்க்கிறவர்கள் அடம் என்பார்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்? பேச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளையின் விரலைப் பாருங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிக் காட்டும். காட்டிவிட்டுத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். 'நீயும் பாரேன்' என்று அதற்கு அர்த்தம். பேச்சு வருவதற்கு முன்னாலேயே வரும் பேச்சு இது. ஒன்றரை வயதாகியும் பிள்ளை இப்படிக் காட்டவில்லை. வேண்டியதை எடுக்க உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தக் கையையே சாமான் மேல் வைக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் பிஸ்கட் டின் திறக்கிற சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறது. விளையாட்டுக் காரை ஓட்டாமல் கவிழ்த்துப்போட்டு அரை மணி நேரம் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை, தெரிந்த வார்த்தைகளையும் விட்டுவிட்டால் அந்த வாரமே போங்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. "அமைதியான புள்ள, தொந்தரவே இல்ல" என்று பாராட்டி வாங்கியே சில பெண் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துவிடுகிறார்கள்.

இங்கே தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பழி முதலில் உங்கள் தலையில்தான் விழும். மாசமாக இருக்கும்போது கிரகணம் பார்த்தாள், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், பால் சரியாகக் கொடுக்கவில்லை என்பார்கள். படித்தவர்களும் ஒரு காலத்தில் இதைத்தான் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பார்த்து முதன்முதலில் ஆட்டிசத்தை விவரமாக எழுதினார். அதற்குப் பிறகு பல வருஷங்கள், தாயின் மனம் ஐஸ் மாதிரி இருந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று பெரிய பெரிய நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்று 1964இல் புத்தகம் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். மனோதத்துவம் படித்தவர், அவருடைய மகனுக்கே ஆட்டிசம். இன்றைக்குத் தாயின் வளர்ப்பால் இது வருவதில்லை என்பது உறுதி. தடுப்பூசியாலும் வருவதில்லை. 1998இல் அப்படி ஒரு கட்டுரை வந்தது உண்மை. வெளியிட்ட 'லேன்செட்' பத்திரிகையே 2010இல் அதை முழுக்க வாபஸ் வாங்கிக்கொண்டது. அந்தப் பயத்தில் ஊசி போடாமல் விட்டு, பிள்ளையை அம்மைக்குப் பலி கொடுத்துவிடாதீர்கள்.

எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகத்தில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 8 பேர். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் குழந்தை நல கிளினிக்குகளில் நடந்த ஒரு பரிசோதனை ஆய்வில் ஆயிரத்துக்கு 1.6 என்றுதான் கணக்கு வந்ததாக, அமைச்சு 2014இல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டியில் இருக்கிறது. மலேசியப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆட்டிசம் குறைவாக வரும் என்று நினைக்கக் காரணம் இல்லை. மீதிப் பிள்ளைகள் எங்கே? வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கண்டுபிடிக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஊசி போடும்போது கொடுக்கிற பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதில் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருக்கின்றன. 'எம்-சாட்' என்று பெயர். பிள்ளை விரல் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கிறதா என்று இருபது சொச்சம் கேள்விகள். தொல்லை என்னவென்றால், நாம் "யா, யா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். மலாயில் இருக்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது, வேலைக்குத் திரும்ப வேண்டும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புரியவில்லை என்றால் முதல் நாளே வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் காதைச் சோதிப்பார்கள். காது கேளாத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாதல்லவா? பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். கிள்ளான் பக்கத்து ஆட்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி தெரிந்த இடம்தான்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறோம், மந்திரிக்கிறோம் என்பவர்களை நான் தடுக்கவில்லை. பத்துமலைக்குப் பால்குடம் எடுங்கள். அதே மாதத்தில் கிளினிக்குக்கும் போய்விடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஆட்டிசத்தை அடியோடு குணப்படுத்துகிறோம் என்று மருந்து, ஊசி, சொட்டு விற்கிறவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. உடம்பில் உள்ள உலோகத்தை எடுக்கிறோம் என்று சொல்லி ஏற்றிய மருந்தால் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான்.

மருந்து இல்லையென்றால் சீக்கிரம் போய் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் சில வருஷங்களில் பிள்ளையின் மூளை வேகமாகப் பழகிக்கொள்கிறது. அந்தக் காலத்தில், தனக்கு வேண்டியதை மற்றவருக்குத் தெரிவிக்கும் வழி ஒன்றை, வார்த்தையாலோ சைகையாலோ படத்தாலோ, பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளாவிட்டால் அது தானே ஒரு வழி கண்டுபிடிக்கும். கடிப்பது, தலையைச் சுவரில் மோதுவது, கத்துவது. மூன்று வயதில் கடித்தால் தூக்கி வைத்துக்கொள்ளலாம். பதின்மூன்று வயதில் யார் தூக்குவது? சீக்கிரம் தொடங்கினால் ஆட்டிசம் போய்விடாது. பிள்ளைக்கும் வீட்டாருக்கும் இடையே ஒரு பாதை திறக்கும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தூரம் திறக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி வீட்டில் செய்கிற காரியம்தான். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள். அதன் பெயரை மட்டும் சொல்லுங்கள். "இங்க பாரு, அம்மாவப் பாரு, இது என்ன சொல்லு சொல்லு" என்று அடுக்காதீர்கள். "பூனை" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். இந்தக் காத்திருப்புத்தான் கஷ்டமான பாகம். பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட்டைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அது உங்களைப் பார்த்தாலும் சரி, கையை நீட்டினாலும் சரி, "பிஸ்கட்" என்று சொல்லி உடனே கொடுங்கள். கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டும்போது, சோறு ஊட்டும்போது தினமும் ஒரே வரிசையில் செய்து ஒரே வார்த்தைகளைச் சொல்லுங்கள். உள்ளங்கையில் நண்டு ஊர்கிற விளையாட்டு நம் பாட்டிமார்கள் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் கிச்சுகிச்சு மூட்டுவதற்கு முன் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? பார்த்தால் பாதி வேலை ஆனது. விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. தகப்பன்மார்களும் இதைச் செய்யலாம். 'பொம்பளைங்க வேலை' என்று கைகழுவ வேண்டாம்.

பாஷையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "தமிழை விட்டுவிடுங்கள், பிள்ளைக்கு ஒரே பாஷை போதும், இங்கிலீஷில் பேசுங்கள்" என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். அரைகுறை இங்கிலீஷில் தாய் பேசத் தொடங்கினால் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். பாட்டியும் தாத்தாவும் பிள்ளைக்கு அந்நியர் ஆகிவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் பேச்சு பின்தங்குவதில்லை என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்குக் கோபம், கொஞ்சல், சிரிப்பு எல்லாம் எந்த பாஷையில் வருகிறதோ அதிலேயே பேசுங்கள்.

சரி, இதெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது? இங்கேதான் தொழிலாளியின் கஷ்டம் ஆரம்பிக்கிறது. கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, கோலாலம்பூர் பக்கம் தனியார் பயிற்சி நிலையங்களுக்குக் குறைவில்லை. ஒரு மணி நேரத்துக்கு நூறு வெள்ளியும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஒன்றரை நாள் பழக்குலை வெட்டினால் ஒரு மணி நேரப் பயிற்சி! அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவு சொற்பம். ஆனால் அவர்கள் கொடுக்கிற தேதி வேலை நாளில்தான் வரும். கேரித் தீவிலிருந்தோ காப்பார் உட்புறத்திலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போய்த் திரும்பினால் அன்றைய வேலை போச்சு. வேலைச் சட்டப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கே வருட விடுமுறை குறைந்தபட்சம் 16 நாள்தான். இரண்டு வருஷத்துக்குக் குறைந்தவருக்கு 8 நாள். மாதம் இரண்டு தடவை பயிற்சி என்றால் வருஷத்துக்கு 24 நாள் வேண்டும். கணக்கு எங்கே இடிக்கிறது பாருங்கள். இரண்டு மூன்று தடவை போய்விட்டு அப்புறம் நின்றுவிட்ட தாயை "அக்கறை இல்லாதவள்" என்று திட்டுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். 1951இல் ஆரம்பிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைத்தடியோடு ஒருவர் துன் சம்பந்தன் சாலையைக் கடக்க நின்றால், யாரும் சொல்லாமலே கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் வரும். அந்தத் தடியைப் பார்த்தவுடனே எல்லாருக்கும் புரிகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் கையில் அப்படித் தடி இல்லை. அதே வீதியில் சாப்பாட்டுக் கடையில் அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், "என்ன வளர்ப்பு இது" என்ற பேச்சுத்தான் வருகிறது. நான் இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டணத்து நிபுணர் தோட்டத்துக்கு வர முடியாவிட்டால், தோட்டத்து ஆளுக்கே சொல்லிக் கொடுக்கலாமே? இது என் கற்பனை அல்ல. இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2016இல் 'லேன்செட் சைக்கியாட்ரி' பத்திரிகையில் வந்தது. டாக்டர் பட்டமோ சிகிச்சைப் பட்டமோ இல்லாத சாதாரண ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை அந்த ஊழியர் படம் பிடிப்பார். பிறகு தாயோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பார். "இங்க பாருங்க, நீங்க கொஞ்சம் பொறுத்தீங்க, புள்ள திரும்பிப் பாத்துச்சு" என்று தாய் சரியாகச் செய்த இடத்தைக் காட்டுவார். பிள்ளைகள் தாமாக முன்வந்து தாயோடு பேச்சு வார்த்தை, சைகை தொடங்குவது கூடியது. எல்லாமே முன்னேறிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒன்று கூடினாலே வீட்டில் எவ்வளவு நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்று ஒன்று இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1981இல் ஆரம்பித்தது. அங்கே கிராமத்துப் பெண்களையே பழக்கி வீடு வீடாக அனுப்பி, வளர்ச்சி பின்தங்கிய சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

நம்மிடமும் ஆள் இருந்தார். ஆயாக்கொட்டகை ஆயாவைத்தான் சொல்கிறேன். காலை பெரட்டுக்கு முன்னாலிருந்து வெட்டு முடிகிற வரை லயத்துப் பிள்ளைகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் அவர். எந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேராமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்பது டாக்டரைவிட ஆயாவுக்குத்தான் முதலில் தெரியும். பல தோட்டங்களில் ஆயாக்கொட்டகை மூடப்பட்டுவிட்டது; குடும்பங்கள் கிள்ளான், மேரு, பந்திங் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. இருந்தாலும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பது பற்றி 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தில் விதி இருக்கிறது. காப்பகம் உள்ள தோட்டங்களில் ஆயாவுக்கு இந்தப் பயிற்சி கொடுக்க நிர்வாகத்தாரைக் கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல.

ஆகவே நமது சங்கத்திடமும் நான் ஒன்று கேட்கிறேன். மாதச் சம்பளத்துக்காகப் பல வருஷம் வாதாடிய சங்கம் இது. 'மாப்பா'வுடன் அடுத்த கூட்டு ஒப்பந்தம் பேசும்போது, ஊனமுற்ற பிள்ளையைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்ற கோரிக்கையையும் மேசைமேல் வைக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுமுறை 98 நாள், தகப்பனுக்கு 7 நாள் என்று சட்டம் வந்துவிட்டது. பிள்ளை பிறப்பதற்கு விடுமுறை உண்டு, அந்தப் பிள்ளையைப் பேச வைப்பதற்கு இல்லை. அது வருகிற வரைக்கும், அதே சட்டத் திருத்தத்தில் உள்ள இன்னொரு வழியை உபயோகிக்கலாம். வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்து மூலம் விண்ணப்பிக்க இப்போது உரிமை உண்டு. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்குக் கிளைச் செயலாளர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னும் சில விவரங்கள். டாக்டர் ஆட்டிசம் என்று உறுதி செய்தவுடன் சமூகநல இலாகாவில் ஓ.கே.யூ. கார்டுக்குப் பதியுங்கள். கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயந்து பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. அந்தக் கார்டு இருந்தால்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணச் சலுகையும் மற்ற உதவிகளும் சுலபமாகக் கிடைக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை என்றால் முதலில் அதைக் கவனியுங்கள். அது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. செந்தூலில் ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்கென்றே ஜீனியஸ் குர்னியா என்ற அரசாங்க நிலையம் இருக்கிறது. பெற்றோர்களும் நிபுணர்களும் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் அமைத்த தேசிய ஆட்டிசம் சங்கம், 'நாசோம்', கோலாலம்பூரிலிருந்து நடக்கிறது. தூரம் போக முடியாதவர்கள் தங்கள் வட்டாரத்தில் பி.டி.கே. எங்கே இருக்கிறது என்று சமூகநல இலாகாவில் கேளுங்கள். 1984இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் முதன்முதலில் தொடங்கி இன்று நாடெங்கும் நடக்கிற திட்டம் அது. அந்தந்த ஊர் மக்கள் குழுதான் அதை நடத்துகிறது. நம்மவர்களும் அந்தக் குழுக்களில் இடம் கேட்க வேண்டும். பள்ளி வயது வந்த பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று அரசாங்கப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது 2019இலிருந்து கல்வி அமைச்சின் கொள்கை. சிறப்புக் கல்வி வகுப்பு எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் உண்டு.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, நாலு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்கள் அந்தச் சுகாதாரப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். ஒன்றரை வயதுக் கேள்விகள் உள்ள பக்கத்தைக் கிளைச் செயலாளர் தமிழில் வாசித்துச் சொல்ல, எல்லாரும் கேட்போம். அரை மணி நேரம்கூட ஆகாது.